பெரியப்பாவின் வானொலி அறை: எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது?

பனையடி எழுதியது:

வணக்கம். கோண்டாவிலில் உள்ள எங்கள் பெரியப்பாவின் வீட்டை வருகிற வைகாசிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுபதுகளில் வணிகக் கப்பல்களில் வானொலி அலுவலராக இருந்தவர். கரைக்கு வந்த பிறகு, பொழுதுபோக்காக வானொலியில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்து முதலில் கொழும்பிலும் பின்னர் இங்கேயும் நிலையம் வைத்திருந்தார். போர்க்காலத்தில் அனுப்பும் கருவிகள் எல்லாம் கொழும்பில் உறவினர் வீட்டில் கிடந்தன. அலைகளைப் பிடித்துக் கேட்க உதவும் 'வாங்கி' ஒன்று மட்டும் இங்கே இருந்தது. 2009க்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். கடந்த மாசியில் காலமானார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருப்பதால் சாவி என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அறையில் இருப்பவற்றை என்னால் இயன்ற அளவில் சொல்கிறேன். நடுவில் பெரிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அனுப்பவும் வாங்கவும் செய்கிற யாஎசு எஃப்ரி-101ஈ. (சிறு வயதில் பெரியப்பா தொலைபேசியில் 'யேசு நன்றாக வேலை செய்கிறது' என்று நண்பருக்குச் சொன்னதைக் கேட்டு, பழுத்த சைவரான அவர் எப்போது மதம் மாறினார் என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.) அதற்கு இடப்பக்கத்தில் ட்ரியோ 9ஆர்-59டிஎஸ் வாங்கி. வலப்பக்கத்தில் அவரே கட்டிய, 807 வால்வு ஒன்று தலையில் தொப்பிக் கம்பியுடன் நிற்கிற அனுப்பி. நிலையலை விகிதம் காட்டும் மீற்றர், ஏரியல் பொருத்தி, தேக்குப் பலகையில் பூட்டிய மோர்ஸ் சாவி, வடங்கள் ஒரு கட்டு, பெட்டகத்துக்குள் பதிவேடுகளும் தொடர்பு உறுதி அட்டைகளும். இவை தவிர, என்னவென்று விளங்காத ஒரு பால்மா ரின்.

ஒரு மச்சான், எல்லாவற்றையும் மின்னில் போட்டு வேலை செய்பவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறியச் சொல்கிறார். இன்னொருவர் தனித்தனியாக விற்கச் சொல்கிறார். இரண்டு யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் சரியில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மீடிறன் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. அந்த அறையின் சுவர்ச் செருகிகள் எதிலும் எதையும் செருகாதீர்கள். மச்சானின் யோசனை, பத்து ஆண்டுகள் படுத்திருந்தவரை எழுப்பி உடனே ஓடச் சொல்வது போன்றது.

காரணம் மின்பகு கொள்ளளவிகள், அதாவது மின்னைச் சேர்த்துவைக்கும் உறுப்புகள். அவற்றுக்குள் அலுமினியத் தகட்டின்மேல் இருக்கிற ஒட்சைட்டுப் படலம்தான் மின்னைத் தடுத்து நிற்கிறது. நெடுங்காலம் வோல்ற்றளவு படாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் திடீரென்று முழு வோல்ற்றளவையும் கொடுத்தால் கொள்ளளவி கசிந்து, சூடாகி, வெடித்து, வோல்ற்றளவை மாற்றிக் கொடுக்கும் நிலைமாற்றியையும் தன்னோடு கொண்டுபோய்விடும். கொள்ளளவியை மாற்றலாம், ஐம்பது வயதான நிலைமாற்றியை எங்கே போய்த் தேடுவது?

எஃப்ரி-101 பற்றி மேலும் இரண்டு விடயங்கள். அதன் மின்வடம் தொலைந்திருந்தால் வேறு வடத்தை வெட்டி ஒட்டாதீர்கள். அந்தச் செருகிக்குள்ளேயே குறுக்கு இணைப்புக் கம்பிகள் இருக்கும், அவை இல்லாமல் பெட்டி இயங்காது, பிழையாகப் போட்டால் எரியும். அடுத்தது, உள்ளே நிலைமாற்றி எந்த வோல்ற்றளவுக்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். யப்பானில் 100 வோல்ற்று, இங்கே 230. கப்பல்காரர் எந்தத் துறைமுகத்தில் வாங்கினாரோ யார் கண்டது.

807 அனுப்பியை மூடியே வையுங்கள். அதில் அநேகமாக ஐந்நூறு அறுநூறு வோல்ற்று நேரோட்டம் இருந்திருக்கும். வீட்டில் கட்டிய அனுப்பிகளில் காப்பு மூடி, தன்னியக்கத் துண்டிப்பு எதுவும் இருப்பதில்லை. கட்டியவருக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரியும், அவ்வளவுதான் காப்பு.

ஸ்காபரோவாசி எழுதியது:

விற்கச் சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாருங்கள். எஃப்ரி-101ஈ யின் இறுதிக் கட்டத்தில் 6ஜேஎஸ்6சி வால்வுகள் இரண்டு இருக்கின்றன. அவை உண்மையில் வர்ணத் தொலைக்காட்சிகளுக்காகச் செய்யப்பட்டவை. அந்தத் தொலைக்காட்சிகள் ஒழிந்ததும் உற்பத்தியும் நின்றது, இருப்பவற்றுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. நல்ல சோடியாக இருந்தால் பெட்டியை விட வால்வுக்குத்தான் கிராக்கி. பெட்டி தேவையானால் 6146பி வால்வுக்கு மாற்றிக் கட்டலாம், இங்கே பலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். பதினைந்து கிலோ இரும்பை யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் துருப்பிடிக்க வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

இன்னொன்று, முகப்புத் தகட்டில் பழைய ஒட்டுநாடாக்கள் இருந்தால் மதுசாரம் தொட்டுத் துடைத்துவிடுங்கள். சுத்தமான முகப்புக்கு விலை கூட.

வடமராட்சி எழுதியது:

அந்த நாடாவைத் துடைக்க வேண்டாம், தயவுசெய்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

பனையடி எழுதியது:

இப்போதுதான் கைவிளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். எஃப்ரி-101 இன் முகப்பில், பெரிய குமிழ்களுக்கு நடுவே, பழுப்பாகிப்போன காகித நாடா ஒன்று இருக்கிறது. அதில் பென்சிலால் நான்கு வரிகள். ஒவ்வொரு வரியும் 80, 40, 20, 15 என்று தொடங்குகிறது. பின்னால் மூன்று மூன்று எண்கள். 40 என்ற வரியில் எண்கள் ஒருமுறை வெட்டப்பட்டு மேலே வேறு எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் 'கிணற்றுப் பக்கம்' என்று இருக்கிறது.

வடமராட்சி எழுதியது:

நினைத்தது சரி. அவை இசைவுக் குறிப்புகள்; 80, 40, 20, 15 என்பவை மீற்றரில் சொல்லும் அலைவரிசைகள். அந்த வகைப் பெட்டிகளில் அலைவரிசை மாற்றும்போதெல்லாம் முன்தேர்வுக் குமிழ், தகட்டுக் குமிழ், சுமைக் குமிழ் மூன்றையும் கையால் திருப்பி இசைவுக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள்; அதற்கு மேல் மோர்ஸ் சாவியை அமர்த்திப் பிடித்தால் இறுதி வால்வுகளின் தகடு சிவந்துவிடும். ஆகவே அனுபவசாலிகள் ஒவ்வொரு அலைவரிசைக்கும் குமிழ்கள் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்து ஒட்டிவைப்பார்கள். ஆனால் அந்த எண்கள் பெட்டிக்கு மட்டும் உரியவையல்ல, பெட்டியும் அந்த வீட்டு ஏரியலும் சேர்ந்த சோடிக்கு உரியவை. 40 மீற்றர் வரி வெட்டப்பட்டு 'கிணற்றுப் பக்கம்' என்று எழுதப்பட்டிருந்தால், உங்கள் பெரியப்பா ஒரு கட்டத்தில் 40 மீற்றர் ஏரியலை இடம் மாற்றிக் கிணற்றுப் பக்கமாகக் கட்டியிருக்கிறார் என்று பொருள்.

இதனால்தான் கழற்றுவதற்கு முன் எந்த வடம் எந்தத் துளையிலிருந்து எங்கே போகிறது என்று ஒவ்வொரு முனையிலும் சிட்டை கட்டுங்கள், படம் எடுங்கள் என்று சொல்கிறேன். தனியாக ஓர் எஃப்ரி-101ஈ உலகில் எத்தனையோ இருக்கிறது. கோண்டாவில் கிணற்றடியோடு இணைந்த ஒன்று இது மட்டும்தான்.

பதிவேடுகளையும் பாருங்கள். அவற்றில் நேரம் கிறீன்விச் நேரமாக இருக்கும். 1996 இல் இலங்கையின் கடிகாரம் முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு, அதே ஆண்டில் அரை மணித்தியாலம் பின்னே இழுக்கப்பட்டு, 2006 இல்தான் கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டு வீட்டு நாட்குறிப்புகளை வைத்து எதையும் ஒப்பிட முற்பட்டால் தலை சுற்றும். வானொலிப் பதிவேடு ஒன்றுதான் அந்தக் குழப்பத்துக்குள் அகப்படாதது.

மீடிறன் எழுதியது:

ஸ்காபரோ அண்ணைக்கு: 6146பி மாற்றம் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக வால்வுத் தாங்கிகளையும் நடுநிலைப்படுத்தும் சுற்றையும் மாற்ற வேண்டும். அதோடு அது பெரியப்பா விட்டுப்போன பெட்டியாக இராது. அனுப்புவதற்கு ஒரு பெட்டி வேண்டுமென்றால் 2016 இல் வந்த ஐகொம் ஐசி-7300 போன்ற ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம், குமிழ் திருப்பும் வேலையே இல்லை. பழையதை எதற்காக வதைக்க வேண்டும்?

பனையடி, அந்தப் பால்மா ரின்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது?

பனையடி எழுதியது:

மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு மரத்துண்டு; அதன்மேல் கறுப்பு உருளைகளாக நான்கு சிறிய இருவாயிகள் (டயோட்), சதுரமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. 2200 மைக்ரோபரட், 16 வோல்ற்று என்று எழுதிய ஒரு கொள்ளளவி. ரின்னின் பக்கத்தில் துளையிட்டுப் பூட்டிய சைக்கிள் விளக்குக் குமிழ், தாங்கியோடு. இரண்டு சோடிக் கம்பிகள் வெளியே வருகின்றன. ஒரு சோடியின் முனையில் முதலைக் கவ்வி இரண்டு. மறு சோடியின் முனையில் தடித்த பென்சில் அளவில் சீவிய பூவரசம் தடி ஒன்று, அதன் இரு நுனியிலும் செப்புத் தகடு சுற்றி ஆணி அடிக்கப்பட்டிருக்கிறது. அதை ஏன் செய்தார் என்று எனக்குப் பிடிபடவேயில்லை.

சைக்கிள்கடை எழுதியது:

நான் வானொலிக்காரன் அல்லன். இந்த இழையைச் சும்மா வாசித்துக்கொண்டு போனவன். ஆனால் அந்த ரின் என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி வடக்குக்குக் கொண்டுவரத் தடை. செய்தி கேட்க வேண்டும் என்றால் வழி ஒன்றுதான் இருந்தது: சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி இருக்கையிலும் கைபிடியிலும் நிற்கவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கொடுப்பது. இரவு ஒன்பதேகால் ஆனால் எங்கள் ஒழுங்கை முழுவதும் சக்கரம் உரசும் சத்தம் கேட்கும். பிபிசி தமிழோசை முடியும் வரை சுற்ற வேண்டும். அண்ணன் ஐந்து நிமிடம், நான் ஐந்து நிமிடம் என்று முறை வைத்துச் சுற்றுவோம். முக்கியமான செய்தி வரும் நேரம் பார்த்துக் கை ஓய்ந்து குரல் இழுபட்டுவிட்டால் அப்பு திண்ணையிலிருந்து ஏசுவார்.

டைனமோவில் வருவது திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்டம். அதை அப்படியே வானொலிக்குக் கொடுக்க முடியாது. நான்கு இருவாயிகள் அதை நேராக்கும், கொள்ளளவி இரைச்சலை அடக்கும். முதலைக் கவ்விகள் டைனமோப் பக்கம். பூவரசம் தடி, பற்றரிகள் இருக்க வேண்டிய குழிக்குள் பற்றரிக்குப் பதிலாக வைப்பது. நுனியில் உள்ள செப்பு, வானொலியின் விற்சுருளைத் தொடும். வானொலிக்குள் ஒரு துளை கூடப் போடத் தேவையில்லை. குமிழ், சுற்றுகிறவருக்கும் வெளிச்சம், எங்கே செய்தி கேட்கிறார்கள் என்று தேடி வருகிற அயலவருக்கும் வெளிச்சம்.

மீடிறன் எழுதியது:

அருமை ஐயா. பூவரசம் தடியை நான் ஊகித்திருக்கவே மாட்டேன். ஒரேயொரு சிறு திருத்தம், குமிழ் வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. சைக்கிள் டைனமோ என்பது 6 வோல்ற்று, 3 வாற்று என்று எழுதப்பட்டிருந்தாலும் அது ஏறத்தாழ மாறாத ஓட்டம் தருகிற கருவி. அரை அம்பியர் அளவில் ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், இழுக்க ஆளில்லாவிட்டால் வோல்ற்றளவு ஏறிவிடும். சிறிய வானொலி அந்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட எடுக்காது. மிச்சத்தைக் குமிழ் எடுத்துக்கொண்டதால்தான் வானொலி தப்பியது. குமிழ் எரிந்து போன அன்று வானொலியும் போயிருக்கும்.

சைக்கிள்கடை எழுதியது:

எங்களுடையது அப்படித்தான் போனது. குமிழைக் கழற்றிவிட்டால் சுற்றுவது இலகுவாகும் என்று அண்ணன் கழற்றினார். முப்பது வருடம் கழித்து இன்றைக்குத்தான் காரணம் விளங்குகிறது. லண்டனில் இருக்கிற அவருக்கு இந்தப் பதிவை அனுப்பப்போகிறேன்.

ஸ்காபரோவாசி எழுதியது:

ரின்னை விற்க வேண்டாம். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் மற்றவற்றுக்கு இடம் வேண்டுமே? வைகாசிக்குள் வீடு கைமாறுகிறது என்று பனையடியே எழுதியிருக்கிறார். பொருளை வைத்திருக்கச் சொல்வது எல்லோருக்கும் எளிது, ஓர் அறையைத் தருகிறேன் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

பனையடி எழுதியது:

அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம் இருக்கிறது. மேசையை அளந்து பார்த்தேன், ஐந்தரை அடி. மனைவி சம்மதித்துவிட்டார்; தையல் இயந்திரம் கூடத்துக்குப் போகிறது. நிலத்தோடு ஈரம் ஏறாமல் மேசைக்குக் கீழே பலகை போடுகிறேன்.

வாங்கியை மட்டுமாவது உயிர்ப்பிக்கலாமா? அதற்குக் கடலை கொறித்துக்கொண்டு சொல்வது போல இல்லாமல், படிப்படியாகச் சொல்லுங்கள்.

மீடிறன் எழுதியது:

சொல்கிறேன். பழைய இழைக் குமிழ் ஒன்று, 60 வாற்று, தேடிப் பிடியுங்கள். எல்ஈடி குமிழ் உதவாது. அதை வாங்கியின் உயிர்க்கம்பியோடு தொடராக இணையுங்கள். ஆளியைப் போட்டதும் குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று, உடனே நிறுத்துங்கள். மங்கிய நிலையில் பத்து நிமிடம் விட்டு, நிறுத்தி, ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடி. இப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் கொள்ளளவிகளின் படலம் மெல்ல மெல்ல மீளும், மீளக்கூடியதாக இருந்தால். மூடியைத் திறந்து உள்ளே தொட வேண்டுமென்றால், செருகியைப் பிடுங்கிய பிறகும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தடையி ஒன்றால் அதை வடித்துவிட்டு, ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பனையடி எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். குமிழ் பளிச்சிட்டு மங்கியது. மூன்றாம் நாள் தொடர்க்குமிழை எடுத்துவிட்டேன். அளவுத்தகட்டின் பின்னால் மஞ்சள் வெளிச்சம் ஏறி, தூசி சுடுகிற மணம் வந்தது. பெரியப்பாவின் அறை மணமே அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் வழியே ஒரு கம்பியை வேலிக் கிளுவை வரை இழுத்துக் கட்டினேன். முதலில் ஒரே இரைச்சல். அறையிலிருந்த எல்ஈடி விளக்கை அணைத்ததும் பாதி இரைச்சல் போய்விட்டது.

இன்று காலை ஏழரை அளவில், அளவுத்தகட்டில் 7 மெகாஹேர்ட்ஸுக்குச் சற்று மேலே, மூக்கடைத்த வாத்துக் கத்துவது போல ஒரு குரல். எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. இது பழுதா?

வடமராட்சி எழுதியது:

பழுதல்ல, அது ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு. பேச்சைச் சுமக்கிற ஊர்தி அலையை விட்டுவிட்டு ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்புவதால், விட்டுப்போன ஊர்தியை வாங்கிக்குள் நீங்கள்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பிஎஃப்ஓ என்ற ஆளி. அதைப் போடுங்கள், ஒலிக் குமிழை முழுவதும் திறந்து, உள்வரும் அலையின் வலுவைக் கட்டுப்படுத்தும் ஆர்எஃப் குமிழைக் குறைத்து, இசைக்கும் குமிழை மயிரிழை அளவு மயிரிழை அளவாகத் திருப்புங்கள்.

பனையடி எழுதியது:

தமிழ்! இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் ஏரியல் கம்பியில் காகம் கூடு கட்டிவிட்டதாக முறையிட்டார், மற்றவர் குஞ்சு பறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். சென்னைப் பேச்சு வழக்கு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன்.

வடமராட்சி எழுதியது:

சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 380 கிலோமீற்றர், கொழும்பு 300. இரண்டுமே பகலில் 40 மீற்றரில், அதாவது நீங்கள் கேட்ட 7 மெகாஹேர்ட்ஸ் பகுதியில், ஒரே தாவலில் எட்டுகிற தூரம். அலை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பினால் போதும், அதற்கு ஏரியல் உயரமாக இருக்க வேண்டியதுமில்லை.

அனுப்பும் பெட்டிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் அவற்றை இயக்க முடியாது. உரிமம் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பெரியப்பாவின் உரிமம் அவரோடு முடிந்தது. 4எஸ்7 என்று தொடங்கும் அவருடைய அழைப்புக்குறியை நீங்கள் சொல்லிப் பேச முடியாது. பரீட்சை எழுதுங்கள். பழைய உரிமக் கடிதங்கள் எல்லாவற்றையும் பெட்டிகளோடு சேர்த்து வையுங்கள். யாராவது வந்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்டக் காகிதம் வேண்டும்.

பனையடி எழுதியது:

பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குகிறேன். இதற்கிடையில் கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கு வடக்கே ஒரு பனை, வேலி மூலையில் இன்னொன்று. நேற்று சீவல் தொழில் செய்கிற அண்ணர் ஒருவரை ஏறிப் பார்க்கச் சொன்னேன். வட்டுக்குக் கீழே பித்தளைக் கப்பி ஒன்று கம்பியால் கட்டப்பட்டு இன்னும் இருக்கிறதாம். மின் கடத்தாத பீங்கான் காப்பி ஒன்றும் தொங்குகிறதாம். கயிறுதான் இல்லை. அவ்வளவு ஆண்டு கட்டியிருந்தும் மரம் கம்பியை விழுங்கவில்லையே என்று வியந்தேன்.

மீடிறன் எழுதியது:

பனை விழுங்காது தம்பி. அது வெளியே வைரம், அதாவது உறுதியான மரப்பகுதி, வைக்கிற இனம். முன்னோர் அதைப் புல்லோடு சேர்த்தது சும்மா இல்லை. வேம்பிலோ மாவிலோ கட்டியிருந்தால் ஆண்டுக்கு ஆண்டு பருத்து இந்நேரம் கப்பியை மூடியிருக்கும்.

கப்பி இருக்கிறது என்றால் கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். வாடைக் காற்றில் இரண்டு பனையும் இரண்டு பக்கம் ஆடும்போது கம்பி அறுந்துவிடும். ஒரு முனையைக் கட்டி, மறு முனைக் கயிற்றைக் கப்பி வழியே இறக்கி, மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிடுங்கள். மரம் ஆட ஆடப் போத்தல் ஏறி இறங்கும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்குக் கம்பியின் மொத்த நீளம் 20 மீற்றரும் ஒரு சாணும், நடுவில் வெட்டி இரு பாதி. மழைக்காலத்தில் இடி முழங்கத் தொடங்குமுன் வடத்தைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும்.

பனையடி எழுதியது:

ஆனால் வீடு வைகாசியில் கைமாறுகிறதே, பனைகளும் அதோடு போகின்றன. வாங்குகிறவரிடம் கப்பியை மட்டும் கேட்டு வாங்கலாமா?

சைக்கிள்கடை எழுதியது:

கேளுங்கள். கொடுக்காவிட்டால் சொல்லுங்கள், என்னிடம் பழைய பித்தளைக் கப்பி இரண்டு கிடக்கின்றன.